தனித் தண்டவாளம்

வாகா வாகா என்று இரண்டு முறை எழுதுகிற ஊர்.
இங்கே இருப்பவர்கள் ஒருமுறைதான் சொல்கிறார்கள்.
பிரித்தாலும் பொருள் தருவதால்
இது இரட்டைக்கிளவி இல்லை, அடுக்குத்தொடர் என்று
வந்த முதல் வாரம் சகாயத்திடம் சொன்னேன்.
அவன் ஹீட்டருக்கு மாதம் எவ்வளவு ஆகும் என்று
கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படித்தவள்
இங்கே ஆட்டிறைச்சி ஆய்வாளர்.
நிமிடத்துக்கு ஒன்பது உடல்கள்
கொக்கியில் தொங்கி, என் முன்னால் நிற்காமல் நகரும்.
ஈரலைப் புரட்டி, கணுக்களை அழுத்தி, சிறுநீரகம் பார்த்து
சரி என்றால் ஊதா முத்திரை.
சந்தேகம் என்றால் தனித் தண்டவாளம்.

நான் அந்தத் தண்டவாளத்தில் நின்றது
மூன்று வருடம் இரண்டு மாதம்.

மார்புக்கூட்டைப் படம் எடுத்தார்கள்.
மஸ்கட்டில் இருந்த பதினேழு மாதமும்
நான் யாரையும் ஒன்றும் செய்யவில்லை என்று
மஸ்கட் எழுதித் தரவேண்டும்.
இங்கிலீஷ் சான்றிதழ் பால் பாக்கெட் போல
தேதி தாண்டிப் புளித்துப்போனது.
மறுபடி போய் மைக்கிடம் ஒரு வரைபடத்தை வருணித்தேன்.
தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பையன்
அழுகிற குரலில் வருணித்துக்கொண்டிருந்தான்,
அவனுக்கு என்ன வரைபடமோ.

கல்யாணம் உண்மைதானா என்றும் கேட்டார்கள்.
சேர்ந்து சிரிக்கிற படங்கள், கூட்டுக் கணக்கு,
இருவர் பெயரும் போட்ட மின்சார பில் அனுப்பினோம்.
அவன் வீட்டு ஜெபமும் என் வீட்டு விபூதியும்
ஒரே ராத்திரியில் கதவைச் சாத்தியதற்கு
ரசீது இல்லை.

நாற்பத்தைந்து முடிவதற்குள் விண்ணப்பம் உள்ளே போகவேண்டும்.
அந்த அக்டோபரில் கேக் வாங்காதே என்றேன்.
வாங்கிவந்தான். மெழுகுவர்த்தி மட்டும் வைக்கவில்லை.

எங்கள் வீட்டில் காலங்கள் நான்கு.
நான்காவது: பிஆர் வந்ததும்.
பிஆர் வந்ததும் சுவரில் ஆணி அடிக்கலாம்.
பிஆர் வந்ததும் சகாயத்தின் முழங்காலைக் காட்டலாம்.
பிஆர் வந்ததும் நாய் என்று நிலானிக்குச் சொன்னபோது
அவளுக்கு எட்டு வயது.
பத்து வயதுக்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

சனிக்கிழமை வர முடியுமா என்று கிரேக் கேட்கும்போதெல்லாம்
என் வாய் எனக்கு முன்னால் "ஷ்யூர்" சொல்லிவிடும்.
அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராக அச்சடித்ததில்
அவனுக்கு நான் "தணிகா".
அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும்.
அதற்கும் ஷ்யூர்.

வியாழக்கிழமை, காலை இடைவேளை, லாக்கரில் போன்.
நான்கு பக்க பிடிஎஃப்.
முத்திரை எங்கே என்று கடைசிப் பக்கம்வரை தேடினேன்.
பாஸ்போர்ட்டிலும் எதுவும் ஒட்ட மாட்டார்களாம்,
எல்லாம் எங்கோ ஒரு கணினிக்குள்.
காலையிலிருந்து ஆயிரம் ஆடுகளுக்குக் கிடைத்தது
எனக்கு இல்லை.
சிரித்தேன். ஃபிஜிக்காரி லிட்டியா ஓடிவந்து
யார் செத்தது என்று தோளைப் பிடித்தாள்.

கிரேக்கிடம் போனேன்.
மூன்று வருடமாக மனப்பாடம் செய்த வாக்கியம்:
இந்தச் சனிக்கிழமை வர மாட்டேன்.
"நோ வொர்ரீஸ்" என்றான், தாளிலிருந்து தலை நிமிராமல்.
"எப்பவுமே சொல்லியிருக்கலாமே."

சனிக்கிழமைகளை ஒவ்வொன்றாகத் திருப்பி எண்ணிக்கொண்டே
லைனுக்கு வந்தேன்.
அடுத்த ஈரலில் ஒரு கட்டி. ஒதுக்கி வைத்தேன்.

ராத்திரி நிலானிக்குச் சொன்னோம்.
"ஓ, சரி" என்று கணக்கு நோட்டுக்குத் திரும்பினாள்.
சகாயம் அந்தப் பெரிய ஃபைலை எடுத்து
தூசி துடைத்து, எரிக்கப்போகிறான் என்று நினைத்தேன்,
திரும்ப ஃப்ரிட்ஜ் மேலேயே வைத்தான்.
"இருக்கட்டும்," என்றான். "சிட்டிசன்ஷிப் வந்த…"

எழுந்துபோய் அவன் வாயைப் பொத்தினேன்.
எத்தனை கழுவினாலும் போகாத ஊதா மை
அவன் உதட்டில் கொஞ்சம் ஒட்டியது.